ஒரே அடுப்பு, ஐந்து யோசனைகள்: சர்க்கரை வந்த வீட்டில் எந்தச் சாப்பாடு?

நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் என் அண்ணன் குடும்பம் இருக்கிறது. அண்ணனுக்கு 46 வயது. பறித்த கொழுந்தை மூட்டை மூட்டையாகத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் வண்டியை ஓட்டுகிறார். போன தை மாதம் கால் எரிகிறது என்று மருத்துவரிடம் போனவருக்கு வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை 162, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.8, டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு 260, இடுப்புச் சுற்று 101 சென்டிமீட்டர். வயிற்றை ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கொழுப்பு. துணைக்குப் போன எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் 112. நூறுக்குக் கீழே இருந்தால் சரி, 126-ஐத் தொட்டால் நோய். இடையில் நிற்பவர்களில் நானும் ஒருத்தி. அண்ணனுக்கு நோய் வீட்டுக்குள் வந்துவிட்டது, எனக்கு வாசலில் நிற்கிறது.

அந்த வாரமே வீட்டில் ஐந்து யோசனைகள் கிளம்பின. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அதுவே போதும் என்றார் அண்ணன். அரிசியை நிறுத்திவிட்டு ராகிக்கு மாறுங்கள் என்றார் பக்கத்து ஊரில் இருக்கும், இந்த மலையின் படுகர் சமூகத்து அக்கா. தானியத்தையே நிறுத்தும் பேலியோ உணவுதான் ஒரே வழி என்றான் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன். கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணியின் தம்பி, மூன்று மாதம் வெறும் சத்துப்பொடிக் கரைசலைக் குடித்தால் நோயே போய்விடுமாம் என்று தொலைபேசியில் சொன்னார். தானியத்தைப் பாதியாக்கி, அந்த இடத்தைப் பருப்பு, முட்டை, காய்கறியால் நிரப்பலாம் என்பது என் யோசனை. ஐந்தையும் நான் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை. இதே கேள்வியோடு இந்த மலையில் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும்.

நான் அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அரிசியைக் கிராம் கணக்கில் அளப்பது என் அன்றாட வேலை. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்பிலிருந்து 150 கிராம். அதனால் முதல் வேலையாக ஒரு சின்னத் தராசை அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மதியச் சோற்றை வழக்கம்போலப் போடுங்கள் அண்ணி என்றேன். போட்டார். தட்டின் எடையைக் கழித்துப் பார்த்தால் 640 கிராம் சோறு. அரிசிக் கணக்கில் ஏறக்குறைய 220 கிராம். இரண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பங்கும் அதற்கு மேல் ஒரு கைப்பிடியும். அதில் மாவுச்சத்து மட்டும் 170 கிராமுக்கு வருகிறது. பக்கத்தில் ஒரு கரண்டி குழம்பு, இரண்டு விரல் அளவு கோஸ் பொரியல், ஒரு துண்டு கருவாடு. இரவிலும் அதே சோறு. காலையில் நான்கு ரொட்டி, சம்பல்.

அண்ணி தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “உழைக்கிறவருக்கு இது அதிகமா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த உழைப்பு இப்போது ஸ்டியரிங்கிற்கு முன்னால் உட்கார்ந்து நடக்கிறது. எங்கள் அப்பா இதே அளவு சாப்பிட்டார், மூட்டையைத் தோளில் சுமந்து மேடு ஏறினார்.

நோயின் உள்விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த யோசனை எங்கே வேலை செய்கிறது என்று அதிலிருந்துதான் புரியும். தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. கொழுப்பு சேர்ந்த கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. சாப்பிடாத நேரத்திலும் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. வெறும் வயிற்றில் 162 வருவது இதனால்தான். மிஞ்சும் கொழுப்பு ரத்தத்தில் டிரைகிளிசரைடாகச் சுற்றி, கணையத்திலும் போய்ப் படிகிறது. அப்புறம் இன்சுலின் சுரப்பே தடுமாறுகிறது. ஆக, சர்க்கரை, கல்லீரல் கொழுப்பு, டிரைகிளிசரைடு, இடுப்புச் சுற்று எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். நம் உடல்வாகில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் இடுப்பு போனாலே எச்சரிக்கை. ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிறு மட்டும் முன்னே வருவது நம் ஊரில் சாதாரணம்.

ஒப்பீட்டுக்குள் போகும் முன் ஒரு பழைய கதை. உணவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் விஞ்ஞானம் இந்தியாவில் பிறந்தது எங்கள் மலையில். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். தீட்டித் தீட்டி வெள்ளையாக்கிய அரிசியில் பி1 சத்து போய்விடுவதால் வரும் நோய் அது. அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, பிற்பாடு ஐதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. குன்னூரில் மெக்காரிசன் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் உணவை அவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, இடையிடையே இறைச்சி என்ற சீக்கியர் உணவில் வளர்ந்தவை முதலிடம் பெற்றன. அரிசியே பெரும்பங்காக இருந்த வங்காள, சென்னை மாகாண உணவுகளில் வளர்ந்தவை கடைசிக்கு வந்தன.

இதைக் கோதுமைக்கும் அரிசிக்கும் நடந்த போட்டி என்று படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. முதலிடம் பிடித்த தட்டில் தானியத்துக்குப் பக்கத்தில் பாலும் பருப்பும் காயும் இருந்தன. கடைசியில் நின்ற தட்டில் தானியத்துக்குப் பக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அன்று அதனால் சத்துக் குறைவு வந்தது. இன்று அதே தட்டில் சோறு இன்னும் கூடி, நடை குறைந்து, சர்க்கரை வருகிறது. அண்ணன் தட்டைத் தராசில் வைத்தபோது எனக்குக் குன்னூர் எலிகள்தான் நினைவுக்கு வந்தன.

முதல் யோசனை, மாத்திரை மட்டும். இதை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். மூன்று மாதச் சராசரி 7.8 இருக்கும் ஒருவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை மறுத்துவிட்டுச் சாப்பாட்டை மட்டும் நம்புவது தேவையில்லாத துணிச்சல். மருந்து கிடைப்பதிலும் இப்போது சிரமம் இல்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. ஆனால் சாப்பாடு அப்படியே இருந்தால் மாத்திரை ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும், கல்லீரல் கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். நீண்ட காலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குப் பி12 குறையவும் வாய்ப்பு உண்டு. கால் எரிச்சல் இருப்பவர்கள் அதையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

என்னைப் போல் வாசலில் நிற்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அமெரிக்காவில் 2002-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றி எடையைக் குறைத்தவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களிடம் 31 சதவீதம். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில் வாழ்க்கை முறை மாற்றத்துக்கு 28.5, மாத்திரைக்கு 26.4, இரண்டும் சேர்ந்தால் 28.2. நம் ஊர் எண்கள் சிறியவைதான். ஆனால் சாப்பாடும் நடையும் மாத்திரைக்குச் சமமாக நின்றன. இரண்டும் சேர்ந்ததால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அது போதும். நான் மாத்திரை இல்லாமல் தொடங்கினேன்.

இரண்டாவது, ராகி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த மலையில் அதிகம் பேர் நம்புவது இதைத்தான்.

நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. காய்கறித் தோட்டங்களும் தேயிலையும் வருவதற்கு முன் நீலகிரியில் ராகியும் சாமையும் பார்லியும் விளைந்தன. படுகர் வீடுகளில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் இன்றும் மரியாதையான சாப்பாடு. 2023 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தரும் திட்டத்தை நீலகிரியிலும் தருமபுரியிலும்தான் முதலில் தொடங்கியது. நல்ல திட்டம். நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடக் கிடையாது. நார்ச்சத்தும் அரிசியைவிடப் பல மடங்கு.

எங்கள் வீட்டுக்கு ராகி பழக்கமே இல்லை என்பது வேறு விஷயம். நாங்கள் சிலோனிலிருந்து திரும்பியவர்கள். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பின் கப்பல் ஏறி வந்த குடும்பம். அங்கே தோட்டத்தில் கோதுமை மாவு என்று ரேஷனில் கொடுத்தது மைதாவை. அந்த மைதா ரொட்டிதான் எங்கள் அம்மாவுக்குத் தாய்வீட்டுச் சாப்பாடு. “பழைய சாப்பாட்டுக்குத் திரும்புங்கள்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் திரும்பிப் போக அப்படி ஒரு சாப்பாடு இல்லை, புதிதாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். படுக அக்கா வீட்டுக்கே வந்து அண்ணிக்குக் களி கிண்டக் கற்றுக்கொடுத்தார். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் குவித்துப் போட்டு, மூடி வேகவிட்டு, பிறகு துடுப்பால் கட்டியில்லாமல் கிளற வேண்டும். முதல் நாள் கட்டி தட்டியது. மூன்றாம் நாள் உருண்டை பளபளவென்று வந்தது.

ஆனால் ராகியும் தானியம். நூறு கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் நூறு கிராம் ராகியில் 67 முதல் 72. வித்தியாசம் ஒரு கைப்பிடிதான். அண்ணன் நம்பிக்கையோடு இரண்டு பெரிய உருண்டை சாப்பிட்டார், ராகிதானே என்று. நான் பக்கத்திலேயே இருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தேன். வழக்கமான சோற்றுக்கு 248 வந்திருந்தது, இரண்டு உருண்டைக் களிக்கு 236. இரண்டு நாள் கழித்து ஒரே உருண்டை, கூடவே ஒரு கிண்ணம் அவரைக் குழம்பு, ஒரு கிண்ணம் கீரை. அன்று 171. ஒருவர் விரலில் எடுத்த மூன்று துளி ரத்தத்தை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எது வேலை செய்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தானியத்தின் பெயர் மாறியதால் ஏற்பட்ட வித்தியாசம் 12. அளவு குறைந்து பக்கத்துக் கிண்ணம் நிறைந்ததால் ஏற்பட்டது 65.

ராகி மாவை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பது இன்னும் மோசம். அது வேகமாகச் செரித்து வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது. கடையில் விற்கும் ராகி பிஸ்கட், ராகி சேமியா பலவும் பெயரில் ராகி, உள்ளே மைதா. பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். கொரகொரப்பான மாவில் கெட்டிக் களி, அல்லது முழுச் சாமையைச் சோறாக வடித்து அளவோடு சாப்பிடுவது நல்லது.

மூன்றாவது, பேலியோ. தானியம், சர்க்கரை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முட்டை, இறைச்சி, பனீர், நெய், காய்கறி, காலையில் நூறு பாதாம். தமிழ்நாட்டில் இதைப் பின்பற்றிச் சர்க்கரை குறைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. மாவுச்சத்தை நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை இறங்கும், டிரைகிளிசரைடும் வேகமாக இறங்கும். முதல் ஆறு மாதத்தில் மற்ற உணவு முறைகளைவிட இது முன்னால் நிற்கிறது என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. ஓர் ஆண்டு ஆகும்போது அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. பலரால் தொடர முடிவதில்லை, அதுதான் முக்கியக் காரணம்.

என் அண்ணன் மகனிடம் இதைப் பற்றி நான் சண்டை போடவில்லை. அவன் அப்பா மீதுள்ள பயத்தில் படித்துப் படித்துச் சொல்கிறான். நான் மூன்று விஷயங்களை மட்டும் கேட்டேன். அண்ணன் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார். அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும்போது சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். மருந்தளவை மாற்றாமல் இதைத் தொடங்கவே கூடாது. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு விதம், ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். சிறுநீரகம் கெட்டிருந்தால் புரதத்தைத் தாங்களாகவே கூட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டாவது, சிலருக்கு இதில் கெட்ட கொழுப்பு ஏறுகிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை: அப்பாவுக்குத் தினமும் நூறு பாதாமும் பனீரும் வாங்கினால் அம்மாவும் பாட்டியும் என்ன சாப்பிடுவது? தோட்டக் கூலியில் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரியாது.

நான்காவது யோசனையைக் கேட்டதும் முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு படித்துப் பார்த்ததில் ஐந்திலும் வலுவான எண்கள் இதற்குத்தான் இருக்கின்றன என்று தெரிந்தது. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் ஆகியோர் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு. நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள். மூன்று முதல் ஐந்து மாதம், நாளுக்கு 825 முதல் 853 கலோரி, எல்லாம் பொடியைக் கரைத்துக் குடிப்பது. பிறகு மெல்ல மெல்லச் சாப்பாடு. ஓர் ஆண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் இறக்கியவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மொத்தத்தில் 36 சதவீதமாகக் குறைந்தது. எடை திரும்ப ஏறியவர்களுக்கு நோயும் திரும்பியது. “நோயே போய்விடும்” என்று அண்ணியின் தம்பி சொன்னது பாதி உண்மை. நோய் அடங்குகிறது, கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்தால் அவை மறுபடி வேலை செய்கின்றன. காவலைத் தளர்த்தினால் திரும்பி வரும்.

இதை வீட்டில் தாங்களாகவே செய்யக் கூடாது. முதல் நாளே மாத்திரைகளை நிறுத்தவும் குறைக்கவும் தெரிந்த மருத்துவர் வேண்டும். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு புரதப் பொடி அதற்கு ஈடாகாது, எல்லாச் சத்தும் கணக்காக இருக்க வேண்டும். இந்தக் குளிரில், காலை நான்கு டிகிரியில் வண்டியை எடுக்கும் மனிதருக்கு மூன்று மாதம் சூடான சாப்பாடு இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள். எண்களில் முதலிடம், எங்கள் வீட்டு நிலவரத்தில் மூன்றாமிடம் என்று வைத்தேன். பருமன் அதிகம், நோய் புதிது, பக்கத்தில் நல்ல மருத்துவர், வீட்டில் வசதி என்று அமைந்தவர்கள் இதை முதலில் யோசிக்கலாம்.

ஐந்தாவதுதான் நாங்கள் தேர்ந்தெடுத்தது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு நாடு முழுவதும் மக்களின் சாப்பாட்டை அலசி, புதிதாக நோய் வந்தவர்கள் அதை அடக்க மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், புரதம் 19, 20 சதவீதத்துக்கு ஏற வேண்டும் என்று 2022-இல் கணித்தது. அரிசியைக் கைவிடச் சொல்லவில்லை, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறது. குன்னூரில் பிறந்த அதே ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 வழிகாட்டியில், நாம் கலோரியில் 50 முதல் 70 சதவீதத்தைத் தானியத்திலிருந்து எடுக்கிறோம், அது 45-க்கு இறங்க வேண்டும் என்கிறது.

தட்டில் இது எப்படி இருக்கும்? அண்ணனுக்கு மதியம் 90 கிராம் அரிசி, வடித்தால் ஒரு கிண்ணத்துக்குச் சற்றுக் கூட. இரவு ஒரு களி உருண்டை அல்லது இரண்டு சப்பாத்தி. இரண்டு வேளையும் கெட்டியான பருப்போ அவரையோ கொள்ளோ ஒரு கிண்ணம், நாளுக்கு இரண்டு முட்டை, தட்டில் பாதி காய்கறி. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு ஒரு கிலோவில் 220 கிராம் புரதம் இருக்கிறது. இதற்கு முன் அதில் சாம்பார் என்ற பெயரில் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு முட்டையின் விலை கடையில் ஒரு கிளாஸ் டீயைவிடக் குறைவு, உள்ளே ஆறு ஏழு கிராம் புரதம்.

காய்கறியைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். இரவெல்லாம் இந்த மலையில் கேரட் கழுவும் இயந்திரங்கள் ஓடுகின்றன. விடிவதற்குள் கேரட்டும் பீட்ரூட்டும் கோஸும் நூல்கோலும் லாரி ஏறி மேட்டுப்பாளையம் போய்விடுகின்றன. அந்தக் காயை விதைத்தவர் வீட்டிலும் கழுவியவர் வீட்டிலும் தட்டில் சோறும் ஊறுகாயும்தான். மண்டிக்குப் போகாமல் கழித்துப் போடும் வளைந்த கேரட், வெடித்த கோஸ் பை பையாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சத்தில் ஒரு குறையும் இல்லை. அண்ணன் இப்போது வண்டியில் வரும்போது வாங்கி வருகிறார். மண்ணுக்கடியில் விளைந்தவை சர்க்கரைக்கு ஆகாது என்று கேரட்டையும் பீட்ரூட்டையும் ஒதுக்குபவர்கள் நிறையப் பேர். அது தவறு. நூறு கிராம் கேரட்டில் மாவுச்சத்து பத்து கிராமைத் தாண்டாது. உருளைக்கிழங்கைத்தான் சோற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டும். உருளை வைத்த நாளில் அரிசி குறைய வேண்டும்.

சாப்பிடும் வரிசையும் உதவுகிறது. முதலில் காய், பிறகு பருப்பும் முட்டையும், கடைசியில் சோறு. அதே சாப்பாடுதான், ஆனால் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. காசில்லாத வைத்தியம். அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை, சோற்றோடு பிசையாத குழம்பு குழம்பா என்று கேட்கிறார்.

டீயில்தான் உண்மையான போராட்டம். அண்ணன் நாளுக்கு ஆறு கிளாஸ் குடிப்பவர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. ஏறக்குறைய 60 கிராம். நாள் முழுவதற்குமான எல்லையே 25 கிராம். போதாக்குறைக்கு டீயோடு வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான், ஆனால் அது மைதாவும் கொழுப்பும் சேர்ந்த பண்டம். ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று பேசி முடித்தோம். சர்க்கரையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறைத்தோம். வெல்லம், பனங்கருப்பட்டி என்று மாற்றுவதில் பயனில்லை, ரத்தத்துக்கு எல்லாம் ஒன்றே. இப்போது மூன்று கிளாஸ், சர்க்கரை இல்லாமல். சொந்தத் தோட்டத்துத் தேயிலையின் ருசி இப்போதுதான் தெரிகிறது என்றார் ஒரு நாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இதைத் தேர்ந்தெடுத்ததற்கு எண்களைவிட அண்ணிதான் காரணம். அவர் நாலரை மணிக்கு எழுந்து, எட்டு மணிக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். நோயாளிக்கு ஒரு சமையல், மற்றவர்களுக்கு ஒரு சமையல் என்றால் மூன்றே வாரத்தில் அது நின்றுவிடும். இந்தத் தட்டு வாசலில் நிற்கும் எனக்கும் பொருந்தும், படிக்கும் பிள்ளைக்கும் பொருந்தும், அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மலையேறிக் கொழுந்து பறிக்கும் அண்ணிக்கு அண்ணனைவிட அதிகச் சோறு. முதலில் அவருக்கே அது விசித்திரமாக இருந்தது. காலங்காலமாக ஆண் தட்டில்தான் சோறு குவிந்தது.

இந்த மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் இந்தியாவில் முதன்முதலாக அரிவாள் செல் ரத்தக் குறைபாடு கண்டறியப்பட்டது. அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை சரியான எண்ணைக் காட்டாமல் போகலாம். இரும்புச் சத்துக் குறைந்த ரத்தசோகையிலும் அது கூடுதலாகக் காட்டக்கூடும், கொழுந்து பறிக்கும் பெண்களிடம் அந்தச் சோகை மிகுதி. அவர்கள் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் எடுக்கும் அளவை மருத்துவரிடம் காட்டி முடிவெடுக்க வேண்டும். கர்ப்பிணிகள், இன்சுலின் போடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த ஐந்தில் எதையும் தாங்களாகத் தொடங்க வேண்டாம். அண்ணனுக்கும் அரிசியைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிக் கிளிமெபிரைடைப் பாதியாக்கினோம். வண்டியில் நான்கு சர்க்கரை மிட்டாய் எப்போதும் இருக்கிறது, கை நடுங்கி வியர்த்தால் உடனே நிறுத்திச் சாப்பிட.

மூன்று மாதம் கழித்துச் சித்திரைக் கடைசியில் பரிசோதித்தோம். அண்ணனின் எடை 84-லிருந்து 79, சராசரி 6.9, டிரைகிளிசரைடு 175. எனக்கு வெறும் வயிற்றில் 103. மருத்துவர் கிளிமெபிரைடை நிறுத்திவிட்டார், மெட்ஃபார்மின் தொடர்கிறது. நடை இன்னும் போதவில்லை. மழைக்காலம் தொடங்கினால் அதுவும் குறையும். எடை 75-க்கு வர வேண்டும் என்பது கணக்கு. ஐப்பசிக்குள் சராசரி 6.5-க்குக் கீழே வராவிட்டால், அந்தப் பொடி முறையை மருத்துவரின் கண்காணிப்பில் எட்டு வாரமாவது செய்து பார்க்கலாமா என்று கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம். அண்ணியின் தம்பி அதற்குள் விலையை விசாரித்து வைத்துவிட்டார்.